முந்துவதற்கு முந்தைய நொடிகள்

2010 நவம்பர் 14, அபுதாபியின் யாஸ் மரீனா களம். ஃபார்முலா ஒன் சீசனின் கடைசிப் பந்தயம். செபாஸ்டியன் வெட்டலே ஜெயித்தாலும், புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு நான்காவது இடம் கிடைத்தால் அவரை முந்தி உலகப் பட்டம் எடுக்கப் போதும். ஆனால் மொத்தம் 55 சுற்றுகளில் ஏறக்குறைய 40 சுற்றுகள் அவருக்கு முன்னால் ஒரு ரெனோ கார் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் விட்டாலி பெட்ரோவ் என்ற ரஷ்யர். ஃபார்முலா ஒன்னில் அது அவருக்கு முதல் வருடம். அலோன்சோவின் ஃபெராரி கடைசிவரை அவரைத் தாண்டவில்லை. அலோன்சோ ஏழாவதாக முடித்தார். நான்கே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வெட்டலுக்குப் போனது.

ஐந்து வருடம் முன்னால், 2005 ஏப்ரலில், இத்தாலியின் இமோலாவில் இதே அலோன்சோ எதிர்ப்பக்கம் இருந்தார். அன்று ரெனோவில் முன்னால் போனவர் அவர், ஃபெராரியில் துரத்தியவர் மைக்கேல் ஷூமாக்கர். 13வது இடத்திலிருந்து கிளம்பிய ஷூமாக்கர், கடைசிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் அலோன்சோவின் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தார். அன்று ஃபெராரிதான் வேகமான கார் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. இங்கும் முந்தல் நடக்கவில்லை. இருவரும் 0.2 வினாடிக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் கோட்டைக் கடந்தார்கள், அலோன்சோ ஜெயித்தார்.

இரண்டு பந்தயத்திலும் பின்னால் வந்தவர் முன்னால் போனவரைத் தாண்டவில்லை. ஆனால் இமோலாவை ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அபுதாபியின் அந்த 40 சுற்றுகளைத் திரும்பப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை, அலோன்சோவின் எதிரிகளைத் தவிர. பந்தயத்தின் விறுவிறுப்பு முந்தல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்றால் இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது? முந்துவதற்கு உதவும் கருவிகளையும் டயர்களையும் பற்றிப் பேச இந்தக் கேள்விதான் சரியான நுழைவாசல்.

முதலில், வேகமான கார் ஏன் மெதுவான காரின் பின்னால் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். ஃபார்முலா ஒன் காரின் இறக்கைகளும் அடித்தளமும் காற்றை வளைத்து, காரைத் தரையோடு சேர்த்து அழுத்துகின்றன. இதை டவுன்ஃபோர்ஸ் என்பார்கள். அழுத்தம் கூடக்கூட டயரின் பிடிமானம் கூடும், வளைவை வேகமாக எடுக்கலாம். ஆனால் முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கி, சுழல்சுழலாகப் பின்னால் தள்ளிவிடுகிறது. அந்தக் கலங்கிய காற்றில் பின்னால் வருபவரின் இறக்கைகள் சரியாக வேலை செய்வதில்லை. 2021ஆம் ஆண்டுக் காரில், 20 மீட்டர் இடைவெளியில் வந்தால் டவுன்ஃபோர்ஸில் 35 சதவீதமும், 10 மீட்டருக்கு நெருங்கினால் 46 சதவீதமும் போய்விடும் என்று ஃபார்முலா ஒன் நிர்வாகமே கணக்குச் சொன்னது.

நேர்ப்பாதையில் இதே காற்று உதவிக்கு வருகிறது. நெடுஞ்சாலையில் பெரிய பஸ்ஸின் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு அது தெரியும்: எதிர்காற்று சட்டென்று குறையும், ஆக்சிலரேட்டரைக் குறைவாகத் திருகினாலே வண்டி அதே வேகத்தில் ஓடும். பந்தயக் காருக்கும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், அந்த நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவிலேயே கலங்கிய காற்றுக்குப் பயந்து பின்தங்கிவிட்டவருக்கு, நேர்ப்பாதையில் கிடைக்கும் உதவி போதாது. 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி இடைவெளி என்றால் 83 மீட்டர். ஒரு காரின் நீளம் ஐந்தரை மீட்டர்.

இங்கே டயர் கதைக்குள் வருகிறது. டவுன்ஃபோர்ஸ் குறைந்த கார் வளைவில் லேசாக வழுக்குகிறது. வழுக்கல் உராய்வைக் கூட்டுகிறது, உராய்வு டயரின் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. பந்தய டயரின் ரப்பர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு குறுகிய வெப்ப வரம்புக்குள்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே விறைத்துக்கொள்ளும், மேலே போனால் மேற்பரப்பு இளகிப் பிடிமானம் போகும். பிடிமானம் போனால் மேலும் வழுக்கும், மேலும் சூடாகும். இரண்டு மூன்று சுற்று நெருங்கித் துரத்திய ஓட்டுநர், ரேடியோவில் ‘டயர் சூடாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு இரண்டு வினாடி பின்வாங்குவதை அடிக்கடி கேட்கலாம். காற்றும் டயரும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசப்படுகின்றன. களத்தில் அவை ஒரே சங்கிலி.

அபுதாபியில் நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் சுற்றிலேயே விபத்து நடந்து பாதுகாப்புக் கார் களத்துக்குள் வந்தது. அந்தச் சந்தில் பெட்ரோவ் பிட்டுக்குள் போய் டயர் மாற்றிக்கொண்டார். மாற்றிய டயரிலேயே கடைசிவரை ஓட்டிவிட்டார்! ஐம்பது சுற்றுகளுக்கு மேல் ஓடியும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் சளைக்கவில்லை. அதே வருடம் மான்ஸாவில் வெட்டல் பந்தயம் முடிய ஒரு சுற்று இருக்கும்போதுதான் டயர் மாற்றினார், அதுவும் இரண்டு வகை டயரையும் பயன்படுத்தியாக வேண்டும் என்ற விதிக்காக. முன்னால் போகிறவரின் டயர் தேயாது, பின்னால் வருகிறவரின் டயரும் தேயாது என்றால் இருவருக்கும் நடுவில் எதுவும் மாறப்போவதில்லை. பத்தாவது சுற்றில் முடியாதது ஐம்பதாவது சுற்றிலும் முடியாது. பார்வையாளருக்கும் அது தெரிந்துவிடுகிறது.

அந்த சீசனில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மான்ட்ரியாலில், வழவழப்பான தளத்தில், பிரிட்ஜ்ஸ்டோன் டயர் எதிர்பாராமல் சீக்கிரமே துவண்டுபோனது. வியூகங்கள் உடைந்தன, வரிசை மாறிக்கொண்டே இருந்தது, அது அந்த வருடத்தின் மிகச் சுவையான பந்தயங்களில் ஒன்றானது. அடுத்த வருடம் பிரிட்ஜ்ஸ்டோன் விலகி பிரெல்லி வந்தபோது, மான்ட்ரியாலைப் போன்ற பந்தயங்களைத் தரும் டயர் வேண்டும் என்றே ஃபார்முலா ஒன் நிர்வாகத்தினர் கேட்டார்கள். வேண்டுமென்றே சீக்கிரம் தேயும் டயர்! ஒரு டயர் நிறுவனத்திடம் இப்படிக் கேட்பது விசித்திரம்தான். ஆனால் கேட்டவர்கள் பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அதே 2011இல் இரண்டாவது மருந்தும் வந்தது. டி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட, காற்றுத்தடையைக் குறைக்கும் ஏற்பாடு அது. பின்பக்க இறக்கையின் மேல் தகட்டை ஓட்டுநர் ஒரு பொத்தானால் திறக்க முடிந்தது. காற்று அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், தடை குறையும், கார் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகம் எடுக்கும். பந்தயத்தின்போது குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் மட்டும், அதுவும் முன்னால் போகும் காருக்கு ஒரு வினாடிக்குள் இருப்பவருக்கு மட்டும் அனுமதி இருந்தது. முன்னால் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள அதைத் திறக்க முடியாமல் இருந்தது.

இதன் கணக்கு எளிது. 12 கிலோமீட்டர் கூடுதல் வேகம் என்றால் வினாடிக்கு 3.3 மீட்டர். பத்து வினாடி நேர்ப்பாதையில் அந்தக் கூடுதல் வேகம் முழுக்கக் கிடைத்தால் 33 மீட்டர் மிச்சம். முன்காரின் காற்று மறைவும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். எனவே, அரை வினாடி பின்னால், அதாவது 40 மீட்டர் பின்னால், நேர்ப்பாதைக்குள் நுழைந்தவர் அடுத்த வளைவின் பிரேக் முனையில் பக்கவாட்டில் வந்து நிற்பார். அங்கிருந்து திறமைச் சண்டை. கருவியை வடிவமைத்தவர்கள் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் திறக்க அனுமதிக்கும் நீளத்தை நூறு மீட்டர் கூட்டிப் பாருங்கள்: பிரேக் போடும் முன்பே வேலை முடிந்துவிடும். நூறு மீட்டர் குறைத்தால் முயற்சிக்கே வழியில்லை. முதல் வருடத்திலேயே இஸ்தான்புல்லில் இந்த அளவு தப்பியது. பிட்டுக்குள் போன முறைகளின் எண்ணிக்கையே 80ஐத் தொட்ட அந்தப் பந்தயத்தில் முந்தல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவற்றில் தற்காத்துக்கொள்ள எதுவுமே செய்ய முடியாமல் முன்னவர் ஓரமாக ஒதுங்கியதைத்தான் பார்த்தோம்.

இந்த இடத்தில் களத்தை விட்டு விலகி ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். ஜெஃப்ரி ஈலி, அலெக்சாண்டர் ஃபிராங்கெல், எமிர் காமெனிட்சா என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015இல், பரபரப்பையும் வியப்பையும் கணித வடிவில் எழுதிக் காட்டினார்கள். பார்வையாளரின் மனதில் எந்த நேரத்திலும் ஒரு மதிப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது: இவர் ஜெயிக்க இவ்வளவு வாய்ப்பு, அவருக்கு இவ்வளவு. அடுத்த கணத்தில் அந்த மதிப்பீடு எவ்வளவு தூரம் ஆடக்கூடும் என்பதுதான் பரபரப்பு. இந்தக் கணத்தில் அது ஏற்கெனவே எவ்வளவு ஆடியது என்பது வியப்பு. பரபரப்பு நடக்கப்போவதைப் பற்றியது, வியப்பு நடந்துவிட்டதைப் பற்றியது. துப்பறியும் கதைக்கும் டென்னிஸ் ஆட்டத்துக்கும் பொருந்தும் இந்த அளவுகோல் கார்ப் பந்தயத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

இமோலாவில் ஷூமாக்கர் ஒவ்வொரு முறை சிகேன் எனப்படும் இடவலத் திருப்பத்துக்குள் பிரேக் போட்டு நெருங்கியபோதும் நம் மதிப்பீடு ஒரு பெரிய தாவலுக்குத் தயாராக இருந்தது. தாவல் நடக்கவில்லை. ஆனால் அடுத்த வளைவில் மறுபடியும் அதே நிலை. முதலிடத்துக்கான அந்தச் சண்டையில் முந்தலே இல்லை, பரபரப்பு மட்டும் நிரம்பி வழிந்தது. அபுதாபியில் முப்பதாவது சுற்றுக்குப் பிறகு மதிப்பீடு அசையவே இல்லை. அளவு தப்பிய டி.ஆர்.எஸ். இதன் மறுபக்கம்: இடைவெளி ஒரு வினாடிக்குள் வந்ததுமே முந்தல் நிச்சயம் என்று தெரிந்துவிடுகிறது, மதிப்பீடு அப்போதே மாறிவிடுகிறது. பிறகு திரையில் நடக்கும் முந்தலில் செய்தி ஏதுமில்லை. புள்ளிவிவரத்தில் மட்டும் ஒன்று கூடும். வருடத்துக்கு இத்தனை முந்தல்கள் என்று பெருமையாகப் போடப்படும் பட்டியல்களை நான் பெரிதாக மதிக்காததற்குக் காரணம் இதுதான்.

டயரின் கதை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக. 60 சுற்றுப் பந்தயம், 42 சுற்று முடிந்திருக்கிறது. முன்னால் போகிறவரின் டயர் 20 சுற்று பழையது. சுற்றுக்கு 0.1 வினாடி வீதம் தேய்ந்து, புதிய டயரைவிட இப்போது 2 வினாடி மெதுவாக ஓடுகிறது. 3 வினாடி பின்னால் வருகிறவர் பிட்டுக்குள் திரும்புகிறார். டயரை மாற்றச் சிப்பந்திகளுக்கு இரண்டு மூன்று வினாடிதான், ஆனால் பிட் பாதையில் மெதுவாக ஊர்ந்து வருவதையும் சேர்த்தால் 22 வினாடி போய்விடும். வெளியே வரும்போது 25 வினாடி பின்னால். மீதி 18 சுற்று. இருவர் டயரும் ஒரே வீதத்தில் தேய்ந்தால் சுற்றுக்கு 2 வினாடி மிச்சப்படும், 13வது சுற்றில் முன்னவரைப் பிடித்துவிடுவார். முந்த ஐந்து சுற்று கையில் இருக்கும்.

புதிய டயர் கொஞ்சம் மென்மையானது, சுற்றுக்கு 0.1க்குப் பதிலாக 0.15 வினாடி தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 0.05. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம். ஆனால் கூட்டிப் பார்த்தால் அவர் 16வது சுற்றில்தான் போய்ச் சேருவார். மிச்சம் இரண்டே சுற்று. அதுவும், கலங்கிய காற்றுக்குள், ஓரளவு தேய்ந்துவிட்ட டயரோடு.

அந்த 0.05ஐ முன்கூட்டிச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. ரப்பர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அது அமுங்கி, மெதுவாகத் திரும்பி வருகிறது. அந்த மெதுவில் வீணாகும் ஆற்றல்தான் பிடிமானத்தின் பெரும் பங்கு. மற்றொரு பங்கு, ரப்பர் மூலக்கூறுகள் தரையின் மூலக்கூறுகளோடு ஒட்டிப் பிரிவதால் வருவது. இரண்டுமே வெப்பத்தைப் பொறுத்து மாறுபவை. மேகம் ஒன்று தளத்தின் மேல் நகர்ந்தால் தளத்தின் சூடு குறைகிறது. முந்தைய கார்கள் உதிர்த்த ரப்பர் துணுக்குகள் பந்தயக் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றின் மேல் ஏறினால் இரண்டு வளைவுக்குப் பிடிமானம் கெடும். ஒரே ஒருமுறை சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் டயரில் தட்டையான ஒரு தழும்பு விழும்.

அந்தத் தழும்பு என்ன செய்யும் என்பதை 2005 மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உலகமே பார்த்தது. அந்த வருடம் மட்டும் ஒரு விநோத விதி: தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர். முன்னணியில் போன கிமி ராய்க்கோனென், ஒரு சுற்று பின்தங்கிய ஜாக் வில்நவ்வைத் தாண்டும்போது வலது முன்சக்கரத்தைப் பூட்டி இழுத்துவிட்டார். அந்தக் காலத்து டயரின் விட்டம் சுமார் 66 சென்டிமீட்டர், சுற்றளவு இரண்டு மீட்டரைவிடச் சற்று அதிகம். 300 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 40 முறை சுழல்கிறது. அதாவது தட்டையான அந்த இடம் வினாடிக்கு 40 முறை தரையில் அறைகிறது. காரின் மேலிருந்த கேமராவில் சக்கரம் நடுங்குவது பளிச்சென்று தெரிந்தது. பின்னால் அலோன்சோ சுற்றுக்குச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தார். பிட்டுக்குள் வந்தால் வெற்றி போகும், வராவிட்டால் டயரோ சஸ்பென்ஷனோ போகலாம். மெக்லாரன் குழு களத்திலேயே இருக்க முடிவு செய்தது. கடைசிச் சுற்றின் முதல் வளைவில் ராய்க்கோனென் பிரேக்கை மிதித்தார், முன் சஸ்பென்ஷன் முறிந்தது, கார் சுழன்று வெளியே போனது. அலோன்சோ ஜெயித்தார். யாரும் யாரையும் முந்தவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சுற்றுகளில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து நின்று பார்க்காதவர் குறைவு.

அதே விதி மூன்று வாரம் கழித்து அசிங்கமாக முடிந்தது. ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானபோலிஸ். சரிவாகக் கட்டப்பட்ட அதிவேக 13வது வளைவை மிஷலின் டயர்கள் தாங்குமா என்பது சந்தேகமாகிவிட்டது. பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அங்கேதான் உடைந்தது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் பூட்டிய 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் அன்று நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனார். அவர் எடுத்த ஐந்து புள்ளியும் நியாயமானவைதான். ஆனால் மைதானத்தில் இருந்த பல்லாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்த பந்தயம் அதுவல்ல.

பிரெல்லி காலத்திலும் அளவு தப்பியது உண்டு. 2012இன் முதல் ஏழு பந்தயங்களில் ஏழு வெவ்வேறு பேர் ஜெயித்தார்கள். எந்த வெப்பநிலையில் எந்தக் காருக்கு டயர் ஒத்துவரும் என்று குழுக்களுக்கே பிடிபடவில்லை. வியப்பு நிறைய. ஆனால் ஓட்டுநர்கள் தங்கள் எல்லைக்குக் கீழே, டயரைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. மைக்கேல் ஷூமாக்கர் இதை வெளிப்படையாகவே குறைகூறினார். 2013இல் நிலைமை முற்றியது. ஸ்பெயினில் அலோன்சோ நான்கு முறை டயர் மாற்றி ஜெயித்தார். சில்வர்ஸ்டோனில், முன்னணியில் போன லூயிஸ் ஹாமில்டன் உட்படப் பலருக்கு ஓடும்போதே டயர் வெடித்தது. அதன் பிறகு டயரின் உட்கட்டமைப்பை மாற்றினார்கள். அந்த சீசனின் கடைசி ஒன்பது பந்தயங்களையும் வெட்டல் வரிசையாக ஜெயித்தார். டயர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் கேள்விக்குறி காணாமல் போனது உண்மை. உயிரைப் பணயம் வைக்கும் டயரைவிடச் சலிப்பான சீசனே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டி.ஆர்.எஸ்.ஸும் டயரும் எப்போதாவது ஒரே பந்தயத்தில் எதிரெதிராக நின்றால் என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் சிங்கப்பூர் அதைக் காட்டியது. கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி முன்னால், லாண்டோ நாரிஸின் மெக்லாரன் அடுத்து. இருவரும் பழைய கடின டயரில். பந்தயத்தின் பிற்பகுதியில் ஒரு கார் நின்றுபோனதால் எல்லோரும் வேகம் குறைக்க வேண்டிவந்த நேரத்தில், ஜார்ஜ் ரஸ்ஸலும் ஹாமில்டனும் தங்கள் மெர்சிடிஸ் கார்களுக்குப் புதிய நடுத்தர டயர் மாட்டிக்கொண்டார்கள். சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேல் வேகமாக ஓடி, சில சுற்று மிச்சமிருக்கும்போது முன்னவர்களைப் பிடித்துவிட்டார்கள்.

டயர்க் கணக்குப்படி சைன்ஸ் தோற்க வேண்டும். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். தப்பி ஓடுவதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்து, நாரிஸைத் தன்னிடமிருந்து ஒரு வினாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாரிஸுக்கு டி.ஆர்.எஸ். கிடைத்தது. அந்த வேகத்தால் நாரிஸ், பின்னால் வந்த ரஸ்ஸலிடமிருந்து தப்பித்துக்கொண்டே இருந்தார். நாரிஸ் இருக்கும்வரை மெர்சிடிஸ்கள் சைன்ஸை நெருங்க முடியாது. எதிரியின் கையில் ஆயுதம் கொடுத்து அவரையே காவலாளி ஆக்கிவிட்டார்! 300 கிலோமீட்டர் வேகத்தில், சுவர்களுக்கு நடுவே, கண்ணாடியில் பின்னவரின் இடைவெளியைப் பார்த்துப் பார்த்து அளந்து ஓட்டிய அந்தச் சுற்றுகள் நான் பார்த்த மிகப் புத்திசாலித்தனமான ஓட்டம். நான்கு கார்களும் ஒரே கயிற்றில் கட்டியதுபோலக் கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தன. ரஸ்ஸல் சுவரில் மோதி வெளியேறினார். சைன்ஸ் 0.8 வினாடியில் ஜெயித்தார். அந்த வருடம் 22 பந்தயங்களில் ரெட் புல் அணி ஜெயிக்காத ஒரே பந்தயம் அதுதான்.

முந்துவதற்காகச் செய்த கருவி முந்தவிடாமல் தடுக்கப் பயன்பட்டது, அதனாலேயே பந்தயம் சூடுபிடித்தது. புதிய டயர் முடிவை ஒரு பக்கம் சாய்த்தது, டி.ஆர்.எஸ். மறுபக்கம் சாய்த்தது, நம் மதிப்பீடு நடுவில் ஊசலாடிக்கொண்டே இருந்தது.

இடையில் 2022இல் காரின் அடிப்படையே மாறியது. தரைக்கு அடியில் ஓடும் காற்றுக் குகைகள் டவுன்ஃபோர்ஸின் பெரும்பங்கை ஏற்றதால், 20 மீட்டர் பின்னால் வருபவர் இழப்பது வெறும் 4 சதவீதம், 10 மீட்டரில் 18 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். பிறகு வந்த வருடங்களில் குழுக்கள் தங்கள் காரை மெருகேற்ற மெருகேற்ற, காற்று மறுபடி கலங்க ஆரம்பித்தது.

2026 முதல் டி.ஆர்.எஸ். கிடையாது. இறக்கைத் தகடுகளை நேர்ப்பாதையில் எல்லோருமே சாய்த்துக்கொள்ளலாம், முன்னவர் பின்னவர் பேதமில்லை. எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக உயர்ந்திருக்கிறது. ஒரு வினாடிக்குள் வருபவருக்குக் கூடுதலாக மின்னாற்றல் பயன்படுத்த அனுமதி உண்டு. பழைய ஒரு வினாடி விதி உருமாறி வந்ததுபோலத்தான் முதல் பார்வைக்குத் தெரியும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இறக்கையைத் திறக்க எந்தச் செலவும் இல்லை, மின்சாரமோ பாட்டரியிலிருந்து வர வேண்டும். ஒரு நேர்ப்பாதையில் கொட்டித் தீர்த்து முந்தியவர், அடுத்த நேர்ப்பாதைக்கு வரும்போது கை காலியாக இருக்கலாம். சற்றுமுன் தாண்டப்பட்டவர் இப்போது அவருக்கு ஒரு வினாடி பின்னால், பாட்டரியில் மிச்சத்தோடு, டயரும் அதிகம் சூடேறாமல் வந்துகொண்டிருப்பார்.